'மாறுவேடங்கள்' என்று எழுதிய பக்கம்

நியூஜெர்சியில் இருக்கும் தங்கை போன மாதம் ஒரு வேலை கொடுத்தாள். மகன் ஹாலோவீனுக்குப் போடும் வேஷங்களுக்கென்றே அவள் ஒரு ஸ்க்ராப்புக் வைத்திருக்கிறாள், வருஷத்துக்கு ஒரு பக்கம். அதன் முதல் பக்கத்தில் நம் வீட்டுப் பிள்ளைகள் அந்தக் காலத்தில் போட்ட வேஷங்களை ஒட்ட வேண்டுமாம். "திருவண்ணாமலை ஆல்பத்துல நிறைய இருக்குமே அண்ணா, ஸ்கேன் பண்ணி அனுப்பு."

ஸ்கேன் பண்ண உட்கார்ந்தவன் அந்த ஆல்பத்தை ஒரு புத்தகம்போலப் படிக்க ஆரம்பித்துவிட்டேன். புத்தகங்களைப் பற்றி எழுதுகிற இடத்தில் குடும்ப ஆல்பத்துக்கு என்ன வேலை என்று கேட்கலாம். ஆல்பத்துக்கும் தொகுப்பாசிரியர் உண்டு, அத்தியாயங்கள் உண்டு. பிழையும் உண்டு, அதைத்தான் சொல்ல வருகிறேன்.

எங்கள் ஆல்பத்தைத் தொகுத்தவர் சித்தப்பா. 1994-ல், பசைத்தாளும் மேலே பிளாஸ்டிக் உறையும் கொண்ட தடி ஆல்பம் ஒன்றை வாங்கி, டிரங்குப் பெட்டியில் கிடந்த படங்களையெல்லாம் ஒட்டினார். ஆள்வாரியாக ஒட்டவில்லை. கல்யாணங்கள், மொட்டை, மாறுவேடங்கள் என்று வகை பிரித்து, ஸ்கெட்ச் பேனாவில் தலைப்பு எழுதி, ஓரத்தில் ஜிகினாத்தாள் நட்சத்திரமும் வெட்டி ஒட்டியிருக்கிறார்.

மாறுவேடப் பக்கங்களில் பதினோரு படங்கள். கோகுலாஷ்டமிக் கிருஷ்ணர் மூன்று பேர், மயில்பீலியும் வெண்ணெய்ச் சட்டியுமாக. பழனிக்குப் போனபோது எடுத்த ஆண்டிக்கோலம் ஒன்று. ரோஜா குத்திய நேரு ஒன்று. கண்மையில் மீசை வரைந்த பாரதியார் இரண்டு. பாரதியின் புகைப்படங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவைதான். நம் பள்ளிக்கூடப் போட்டிகளில் வரும் முண்டாசும் கோட்டும் மீசையும் அவற்றிலிருந்து எடுத்தவை. படத்திலிருந்து இறங்கிய வேஷம், பிள்ளைமேல் ஏறி, திரும்பவும் படத்துக்குள் போகிறது. ரமணர் ஒருவரும் உண்டு. கோவணமும் கம்பும் கமண்டலமும் சரியாக இருக்கின்றன. ஆனால் 1946-ல் வெல்லிங் எடுத்த, ஊரில் கடைக்குக் கடை மாட்டியிருக்கும் அந்த முகத்தை எந்தப் பிள்ளையாலும் போட்டுக்கொள்ள முடியாதே. பையன் அழுதுகொண்டு நிற்கிறான்.

மீதி மூன்றும் பெண்வேஷம். மொட்டை போடுவதற்கு முன், முடி நீளமாக இருக்கும்போதே, ஆண்பிள்ளைக்குப் பாவாடை சட்டை போட்டு, பூ வைத்து, ஸ்டுடியோவில் ஒரு படம். தமிழ்நாட்டில் இது இல்லாத வீடு குறைவு. எங்கள் ஊரில் இதை யாரும் வினோதமாக நினைத்திருக்க மாட்டார்கள். கார்த்திகை தீபத்தன்று மலைமேல் தீபம் ஏறும் வேளையில் சாமியே அர்த்தநாரீஸ்வரராகச் சில நிமிஷம் வெளியே வந்து காட்சி கொடுக்கிற ஊர்.

மூன்றில் ஒன்றின்கீழ் என் பெயர் இருக்கிறது. பூத்தைத்த சடை, குஞ்சலம், பின்னால் சடை தெரிவதற்காக ஒரு ஆளுயரக் கண்ணாடி. சின்ன வயதிலிருந்து இதைக் காட்டித்தான் என்னைக் கேலி செய்வார்கள். ஸ்கேனில் பெரிதாக்கிப் பார்த்தபோது காது கண்ணில் பட்டது. ஜிமிக்கி. கண்ணாடியில் தெரிகிற மற்ற காதிலும் ஜிமிக்கி, மடல் துளை நன்றாகவே தெரிகிறது. எங்கள் குடும்பத்தில் ஆண்பிள்ளைக்கு மொட்டையும் காதுகுத்தும் ஒரே நாளில். மொட்டைக்கு முன் எடுத்த படத்தில் காது குத்தியிருக்க வழியில்லை.

இந்தவகை ஆல்பத்திலிருந்து படத்தைப் பிய்த்து எடுக்கக் கூடாது, கிழிந்துவிடும். முதலில் பக்கத்தை அப்படியே படம் எடுத்துக்கொண்டு, பிறகு தையல்நூலைப் படத்துக்கு அடியில் விட்டு இரண்டு கையாலும் மெல்ல அறுத்தேன். பின்பக்கம் பென்சிலில் தேதி: 14-1-79. நான் பிறந்தது 1981.

அத்தையிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிறைய நேரம் பார்த்தாள். "இது நீ இல்லடா. பெரியண்ணன் பொண்ணு. அந்தப் பொங்கலுக்கு எடுத்தது. ஆடி மாசம் காய்ச்சல்ல போயிடுச்சு."

எனக்கு முன்னால் பெரியப்பாவுக்கு ஒரு பெண் இருந்தாள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். படம் எதுவும் கிடையாது என்றுதான் சொல்வார்கள். சித்தப்பா அந்த வருஷங்களில் பம்பாயில் இருந்தார், குழந்தையைப் பார்த்ததே இல்லை. அப்படியானால் பெரியம்மா ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "அண்ணிக்குத் தெரியும். அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாதுன்னுட்டார் உங்க பெரியப்பா. ஆல்பத்தைத் திறந்து உன்னைக் கேலி பண்ணுவோமில்ல, அப்ப அண்ணி எழுந்து அடுப்படிக்குப் போயிடுவாங்க."

பெரியம்மா 2011-ல் காலமானார். ஏறக்குறைய பதினேழு வருஷம் அந்தச் சிரிப்பைக் கேட்டிருக்கிறார். அதில் என் சிரிப்பும் உண்டு.

கிறிஸ்டோபர் பின்னி 'கேமரா இண்டிகா' (1997) என்ற நூலில் மத்தியப் பிரதேசத்து நாக்தாவின் ஸ்டுடியோக்களை ஆராய்ந்திருக்கிறார். ஸ்டுடியோ என்பது 'நான் இன்னார்' என்று பதிவுசெய்கிற இடம் மட்டுமல்ல, வேறொருவராக ஆகிப் பார்க்கும் இடமும்கூட என்பது அவர் வாதம். படித்த நாளிலிருந்து எனக்குப் பிடித்த வாதம். கிருஷ்ணர்களுக்கும் பாரதிகளுக்கும் அப்படியே பொருந்துகிறது. ஆனால் இந்தக் குழந்தை யாராகவும் ஆகிப் பார்க்கவில்லை. தன் பாவாடையில், தன் ஜிமிக்கியோடு, தானாகத்தான் நின்றாள். வேஷத்தைத் தேடுகிற கண்ணுக்கு அவளும் வேஷமாகத் தெரிந்துவிட்டாள். வகை பிரித்ததுதான் இந்த ஆல்பத்தின் அழகு, அதன் பிழையும் அதுவே. சித்தப்பாவுக்கு அன்பு இல்லாமல் இல்லை, யாரிடமும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

தங்கையின் ஸ்க்ராப்புக்கை நான் கொஞ்சம் கிண்டலாகப் பார்த்தவன். கலர் ஸ்டிக்கர், மிட்டாய்க் காகிதம், பூசணிக்காய்ப் படம் என்று ஒரே அமர்க்களம். இப்போது மறுபடி புரட்டினால் வேறுமாதிரி தெரிகிறது. ஒவ்வொரு பக்கத்திலும் வருஷம், வேஷம், தைத்தது யார், பிள்ளை அன்று என்ன சொன்னான் என்று நாலு வரி எழுதியிருக்கிறாள். டைனோசர் வேஷத்தின்கீழ், 'வால் கனமா இருக்கு, அம்மா தூக்கிக்கோ'. இதற்கும் ஒரு குறை உண்டு. பிள்ளை அழுத வருஷம் இதில் இல்லை, எல்லாப் பக்கத்திலும் சிரிப்பு. அந்த வகையில் எங்கள் அழுகிற ரமணரே நேர்மையானவர்.

புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தமிழகத்துப் பழைய ஸ்டுடியோ படங்களைத் தேடி, மின்படியாக்கிச் சேர்க்கும் பணியை முன்னரே செய்திருக்கிறது. பெரிய வேலை. ஆனால் படத்தில் இருப்பது யார் என்ற கேள்விக்கு எந்த ஆவணக்காப்பகமும் பதில் சொல்ல முடியாது, பக்கத்தில் ஓர் அத்தை உட்கார்ந்திருந்தால் ஒழிய. அத்தைக்கு எண்பத்திரண்டு வயது. மீதிப் பத்துப் படங்களையும் அவளிடம் கேட்டு, பின்பக்கம் பென்சிலில் எழுதிக்கொண்டு வருகிறேன்.

தங்கைக்குப் பத்துப் படங்களை அனுப்பிவிட்டேன். பதினோராவதை ஆல்பத்திலேயே, தனிப்பக்கத்தில், ஒட்டாமல் காகித மூலைகளில் செருகி வைத்திருக்கிறேன். தலைப்பு எழுதவில்லை. அத்தை சொன்ன பெயரை மட்டும் எழுதினேன்.