சைக்கிள் எங்கே?

போன ஞாயிற்றுக்கிழமை வீட்டில் ‘பைசிகிள் தீவ்ஸ்’ போட்டேன். எனக்கு இது எத்தனையாவது தடவை என்று கணக்கில்லை. அண்ணன் மகன், இன்ஜினீயரிங் கடைசி வருஷம், கறுப்பு வெள்ளை என்றதும் முகம் சுளித்தான். இருந்தாலும் கூட உட்கார்ந்தான். சைக்கிள் திருடுபோனதும் ரிமோட்டை எடுத்துப் படத்தை நிறுத்தினான்.

“சித்தப்பா, சீட்டுக்கு அடியில ஒரு ஏர்டேக் ஒட்டியிருந்தா படம் அரை மணியில முடிஞ்சிருக்கும்!”

சிரித்துவிட்டு மேலே பார்த்தோம். ஆனால் ராத்திரி அந்தக் கேள்வி உறுத்தியது. ஒரு பட்டன் பேட்டரி வில்லை வந்ததும் காலாவதியாகிவிடுகிற படமா இது? அப்படியானால் இத்தனை வருஷமாக நாம் இதைத் தலையில் வைத்துக்கொண்டு ஆடியது வீண். சோதித்துப் பார்த்துவிடலாம், வாருங்கள்.

பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாக. 1948-ல் விட்டோரியோ டி சிக்கா எடுத்த இத்தாலியப் படம். போருக்குப் பிந்தைய ரோம். வேலையில்லாத அன்டோனியோவுக்குச் சுவரொட்டி ஒட்டும் வேலை கிடைக்கிறது. ஒரே நிபந்தனை, சைக்கிள் வேண்டும். சைக்கிளோ அடகில். மனைவி மரியா கட்டில் விரிப்புகளை உருவி எடுத்துப்போய் அடகு வைத்து அதை மீட்கிறாள். வேலையில் சேர்ந்த முதல் நாளே, ரீட்டா ஹேவொர்த் போஸ்டரை ஒட்டிக்கொண்டிருக்கும்போது, ஒரு பையன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஓடிவிடுகிறான். மறுநாள் முழுக்க அப்பனும் சின்னப் பையன் புரூனோவும் ரோமைச் சல்லடை போட்டுச் சலிக்கிறார்கள். கதை அவ்வளவுதான்.

இப்போது சீட்டுக்கு அடியில் ஏர்டேக்கை ஒட்டுவோம். 2021-ல் ஆப்பிள் வெளியிட்ட இந்த வில்லையில் ஜி.பி.எஸ். கிடையாது என்பது பலருக்குத் தெரியாது. அது புளூடூத்தில் ‘இங்கே இருக்கிறேன்’ என்று முனகிக்கொண்டே இருக்கும். பக்கத்தில் போகிற யாரோ ஒருவருடைய ஐபோன் அதைக் கேட்டு, தான் இருக்கும் இடத்தைச் சங்கேதமாக அனுப்பிவைக்கும். போனின் சொந்தக்காரருக்கு அது தெரியவே தெரியாது. அதாவது, ஊரில் போகிறவர் வருகிறவரையெல்லாம் அவர்கள் அறியாமலேயே உங்களுக்காகத் தேட வைக்கிற ஏற்பாடு. சிம் கார்டு போட்ட ஜி.பி.எஸ். கருவிகளும் உண்டு. அவற்றுக்கு அடிக்கடி சார்ஜ் வேண்டும், மாதச் சந்தா வேண்டும்.

சரி, அன்டோனியோ திரையைப் பார்க்கிறான். புள்ளி எங்கே போகும்? பியாட்சா விட்டோரியோ சந்தைக்கு. அங்கே படத்தில் என்ன நடக்கிறது என்று ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். துணைக்கு வந்த நண்பர்கள் வேலையைப் பிரித்துக்கொள்கிறார்கள். ஒருவர் ஃபிரேம், ஒருவர் டயர், பொடியன் புரூனோவுக்குக் காற்றடிக்கும் பம்ப்பும் மணியும். திருட்டு சைக்கிள் முழு சைக்கிளாக இருக்காது என்று அவர்களுக்குத் தெரியும். சீட்டைக் கழற்றியதும் வில்லை சாக்கடைக்குப் போய்விடும்.

கழற்றவே வேண்டாம், திருடனுக்குத் தகவலும் போய்விடும். பெண்களின் கைப்பையிலும் காரிலும் இந்த வில்லையை ஒளித்துவைத்துப் பின்தொடர்ந்த கயவர்களால், ‘அறிமுகமில்லாத கருவி ஒன்று உங்களோடு வருகிறது’ என்று போன் எச்சரிக்கும் ஏற்பாட்டைச் செய்தார்கள். 2024 மே மாதம் ஆப்பிளும் கூகுளும் சேர்ந்து இதை ஆண்ட்ராய்டு போன்களுக்கும் பொதுவாக்கின. நியாயமான ஏற்பாடு. ஆனால் அதே எச்சரிக்கை சைக்கிள் திருடனுக்கும் கேட்கும்.

அதுவும் நடக்கவில்லை, புள்ளி நேராகத் திருடன் வீட்டு வாசலில் போய் நிற்கிறது என்றே வையுங்கள். இங்கேதான் டி சிக்கா நம்மை மடக்குகிறார். படத்தில் அன்டோனியோ எந்தக் கருவியும் இல்லாமலே அந்த வாசலுக்குப் போய்விடுகிறான்! திருடனைப் பிடிக்கிறான். புரூனோ ஓடிப்போய் போலீஸ்காரரைக் கூட்டி வருகிறான். வீடு என்பது ஒரே அறை. குடும்பமே அதில் அடைந்து கிடக்கிறது. சைக்கிள் இல்லை. தெருவே திருடனுக்குச் சாட்சி சொல்லத் தயார். சாட்சியில்லாத புகார் நிற்காது என்கிறார் போலீஸ்காரர். ‘எங்கே’ என்ற கேள்விக்குப் பதில் கிடைத்தும் ஒன்றும் ஆகவில்லை.

புள்ளியை மட்டும் நம்பி வீட்டுக்குள் புகுந்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு கேஸ் இருக்கிறது. 2022 ஜனவரி, டென்வர் நகரம். துப்பாக்கிகளோடு ஒரு வண்டி திருடுபோகிறது. வண்டிக்குள் இருந்த பழைய ஐபோன் காட்டிய இடத்தை வைத்து, ஆயுதம் தாங்கிய போலீஸ் படை 77 வயதுப் பாட்டி ஒருவர் வீட்டைப் புரட்டிப் போட்டது. எதுவும் கிடைக்கவில்லை. வரைபடத்தில் இருந்தது புள்ளி மட்டுமல்ல, பல வீடுகளைத் தொட்டுக்கொண்டு ஒரு பெரிய வட்டம். 2024-ல் ஜூரி அந்தப் பாட்டிக்கு 37 லட்சத்து 60 ஆயிரம் டாலர் தரச் சொன்னது. பிரிட்டனில் 2025 பிப்ரவரியில் கொண்டுவந்த மசோதாவோ, இப்படிக் கருவி காட்டும் இடத்துக்குள் வாரண்ட் இல்லாமலே போலீஸ் நுழைய வழிசெய்வது. இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. அந்த ஒற்றை அறைக் காட்சியில் போலீஸ்காரரும் அன்டோனியோவும் நிற்பது இதே இடத்தில்தான்.

சைக்கிள் கிடைத்துவிட்டால்? அதற்கும் படம் இருக்கிறது. 2001-ல் வந்த ‘பெய்ஜிங் பைசிகிள்’. வாங் ஷியாவ்ஷுவாய் இயக்கியது. கூரியர் பையன் தன் சைக்கிளில் ஓர் அடையாளம் கீறிவைத்திருக்கிறான். அவனுடைய ஏர்டேக் அதுதான். அதை வைத்துக் கண்டும் பிடித்துவிடுகிறான். ஆனால் இப்போது அதை வைத்திருப்பவன் திருடனில்லை, சந்தையில் காசு கொடுத்து வாங்கிய பள்ளிக்கூடப் பையன். கடைசியில் இருவரும் ஆளுக்கொரு நாள் ஓட்டுவது என்று ஒப்பந்தம்! கண்டுபிடித்த இடத்தில் கதை முடியவில்லை, ஆரம்பிக்கிறது. நல்ல படம்தான். ஆனால் அடிதடி கொஞ்சம் அதிகம். டி சிக்கா ஒரு கன்னத்தில் அறைந்து சொல்வதை இது பத்து பேரை விட்டு அடிக்கவைத்துச் சொல்கிறது.

‘பைசிகிள் தீவ்ஸ்’ மீதும் எனக்கு ஒரு குறை உண்டு. எல்லாக் கதவும் ஒருசேர அவன் முகத்தில் அடைபடுகிறது. போலீஸ், சர்ச், குறி சொல்கிற அம்மாள், ஒருத்தர் பாக்கியில்லை. கொஞ்சம் அடுக்கிவைத்த மாதிரித்தான். ஆனால் கடைசிப் பத்து நிமிஷம் அந்தக் குறையை மறக்கடித்துவிடும். தன் சைக்கிள் போனபோது அன்டோனியோ தனியாகக் கத்திக்கொண்டு ஓடினான். உதவுகிற மாதிரி வந்த ஒருவன் வேண்டுமென்றே தப்பான திசையைக் காட்டினான். கடைசியில், மனம் உடைந்து அவனே ஒரு சைக்கிளை எடுக்கும்போது? தெருவே துரத்துகிறது! ஒரு நிமிஷத்தில் பிடித்துவிடுகிறார்கள். ஊர் நினைத்தால் கண்டுபிடிக்க முடியும் என்று அப்போதுதான் நமக்கு உறைக்கிறது. தெரிந்தே உதவாத ஊரை, தெரியாமல் உதவ வைப்பதற்கு இன்றைக்கு ஒரு வில்லை தேவைப்படுகிறது.

அன்டோனியோவாக நடித்த லம்பெர்ட்டோ மஜியோரானி நிஜத்தில் ஆலைத் தொழிலாளி. படம் முடிந்து ஆலைக்குத் திரும்பிய பிறகு அவருக்கு வேலை போயிற்று.

வில்லை வேண்டாம் என்று சொல்லவில்லை. வாங்கி ஒட்டுங்கள். அதோடு சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, ஃபிரேமில் பொறித்திருக்கும் நம்பரை எழுதிவையுங்கள். பில்லைப் பத்திரப்படுத்துங்கள். அன்டோனியோவுக்குத் தன் நம்பர் மனப்பாடம். சந்தையில் ஃபிரேமுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தவரை அவன் சந்தேகித்தபோது, அவர் மீது பழி விழாமல் காப்பாற்றியதே அந்த நம்பர்தான். எங்கே என்பதைப் புள்ளி சொல்லும். யாருடையது என்பதை நம்பர்தான் சொல்லும்.

படம் முடிந்து, கூட்டத்தில் அப்பன் கையைப் பிடித்துக்கொண்டு புரூனோ நடக்கிறான். அண்ணன் மகன் ரிமோட்டைத் தொடவில்லை. ரொம்ப நேரம் கழித்துக் கேட்டான்.

“திங்கக்கிழமை அவருக்கு வேலை இருக்குமா, சித்தப்பா?”

சைக்கிளைப் பற்றிக் கேட்கவே இல்லை.