கூந்தல் மணமும் மரபணு ஆய்வும்

குறுந்தொகையின் 2ஆம் செய்யுள் இறையனார் பெயரால் வழங்குவது. வண்டினை விளித்து, தன் தலைவியின் கூந்தலினும் மணமிக்க மலரை நீ அறிந்ததுண்டோ எனத் தலைவன் வினவுவதாக அஃது அமைந்துள்ளது. மகளிர் கூந்தலுக்கு இயற்கை மணம் இல்லை. ஆதலின் இது பொருட்குற்றம் உடைத்து என நக்கீரர் மறுத்ததாகப் பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணம் கூறும். இக்கால மரபணு ஆய்வு நக்கீரரை வீழ்த்திவிட்டது என வாதிடுதல் எளிது. அவ்வாதம் பொருந்துமா என ஈண்டு ஆராய்வோம்.

நோய்க்கிருமிகளை உடல் இனங்காணத் துணைசெய்யும் மரபணுத் தொகுதி, மாந்தரிடம் 6ஆம் குரோமோசோமில் உள்ளது, எச்.எல்.ஏ. எனப்படும். அஃது ஆளுக்கு ஆள் பெரிதும் வேறுபடும். எலிகளில் இதற்கு இணையான தொகுதி துணைதேர்தலில் இடம்பெறுவதை 1976இல் யமசாக்கியும் பிறரும் காட்டினர். 1995இல் பெர்ன் நகரில் வேடெகிண்டும் குழுவினரும், 44 ஆடவர் ஈரிரவு அணிந்த பருத்திச் சட்டைகளை 49 மகளிர்க்கு முகரக் கொடுத்தனர். கருத்தடை மாத்திரை உண்ணாத மகளிர், தம் தொகுதியினின்று வேறுபட்ட ஆடவரின் மணத்தையே மிக இனிதாக மதித்தனர். உண்டவரிடம் முடிவு மாறிற்று. பின்வந்த ஆய்வுகள் ஒருமுகமாக இல்லை.

மலரும் நெய்யும் இன்றியே உடற்கு மணமுண்டு என்பது தெளிவு. எனினும் முகரப்பட்டது சட்டையேயன்றிக் கூந்தல் அன்று. வியர்வையைத் தோலில் வாழும் நுண்ணுயிர்கள் சிதைத்தலால் எழும் மணமே அதிற் பெரும்பகுதி. அதுகொண்டு கூந்தலுக்குத் தீர்ப்புரைத்தல் மிகையாகும். ஆகவே நக்கீரர் வீழ்ந்தார் எனல் பொருந்தாது.

அவ்வாய்வு உணர்த்தும் பயனுடைய செய்தி வேறொன்று. ஒருத்திக்கு இனிதாகும் சட்டை மற்றொருத்திக்கு இனிதாகாமை கூடும். இனிமை முகரப்படும் பொருளில் மட்டும் இல்லை, முகர்வாரையும் சார்ந்துள்ளது. இக்கருத்தோடு செய்யுளை மீண்டும் நோக்கின், மணம் இயற்கையா செயற்கையா என்னும் வினாவே அதன்கண் இல்லை என்பது புலனாகும். அவ்வினா புராணம் கூறும் பாண்டியன் ஐயத்தில் தோன்றியது. மகளிர் அனைவரையும் பற்றிய பொதுவிதியையும் செய்யுள் கூறவில்லை. ஒருவன் ஒருத்தியின் நலம் பாராட்டுகின்றான், அவ்வளவே. தன் விருப்பத்திற்கேற்பக் கூறாது கண்டதையே மொழியுமாறு வண்டினை அவன் வேண்டுவதும் காதலின் இயல்பே.

அறிவியலைக் கொண்டு பழம்பாடலை மெய்ப்பிக்க முயல்வோரும், குற்றங்காண முயல்வோரும் ஒரே பிழையைச் செய்கின்றனர். பாடல் கூறாத ஒன்றை அதன்மேல் ஏற்றுகின்றனர். செய்யுட்குச் சான்று எலியும் சட்டையும் அல்ல. அதனுட் பேசும் தலைவனின் நெஞ்சமே எனக் கருதுகின்றோம்.