இரவும் நிழற்படமும்

ஒளியைக் கொண்டு உருவம் வரையும் கலை நிழற்படக் கலை. ஒளி குன்றிய இரவில் அக்கலை என்ன செய்ய வல்லது? அயல்நாட்டு நகரம் ஒன்றில் இரவெல்லாம் நடந்து, முக்காலியின் துணையின்றி, கையில் ஏந்திய கருவியைக் கொண்டே எடுக்கும் படங்களைக் கலைப் படைப்பென்று கொள்வதா, பயணத்தின் நினைவுப் பொருள் என்று ஒதுக்குவதா? இவ்வினா இன்று நம் வகுப்பறை வரை வந்துவிட்டது. விடுமுறையில் வெளிநாடு சென்று திரும்பும் மாணவன் தன் கைப்பேசியில் நூறு இரவுப் படங்களைக் கொண்டு வருகிறான். ‘நன்றாக இருக்கிறது’ என்று சொல்லி அனுப்பிவிடுகிறோம். அவற்றுள் நல்லது எது, அல்லாதது எது என்று எடுத்துச் சொல்ல நம்மிடம் அளவுகோல் உண்டா?

அவ்வளவுகோலைத் தேடுவதற்குப் பாரிஸ் நகரின் இரவைப் பொருளாகக் கொண்ட இரண்டு நூல்களை ஒப்பிட்டுக் காண்பது பயன் தரும். இரண்டையும் படைத்தவர்கள் அந்நகருக்கு அயலார்.

முதலாவது, 1933 இல் வெளிவந்த ‘இரவில் பாரிஸ்’. இதனைப் படைத்த பிராசாய் 1899 இல் பிறந்தவர். அன்று ஹங்கேரியைச் சேர்ந்திருந்ததும் இன்று ருமேனியாவில் உள்ளதுமான பிராஷோவ் அவர் ஊர். அவ்வூரின் பெயரையே தம் புனைபெயராக்கிக் கொண்டார். 1924 இல் பாரிசுக்கு வந்தவர், இரவுகளில் தெருத் தெருவாக நடந்தார். கண்ணாடித் தகடு இட்ட கருவியை முக்காலியில் நிறுத்தி, நெடுநேரம் ஒளியை உள்ளே விட்டுப் படம் எடுத்தார். நேரத்தை அளக்க அவர் கைக்கொண்ட முறை புதுமையானது. வெளிச்சம் ஓரளவு உள்ள இடமாயின் ‘கோலுவாஸ்’ சிகரெட் ஒன்று எரிந்து தீரும் நேரம். இருள் மிகுந்த இடமாயின் அதனினும் பருத்த ‘பொயார்’ சிகரெட்டின் நேரம்.

நெப்போலியனின் தளபதி நே என்பாரின் சிலையை அவர் 1932 இல் மூடுபனியில் எடுத்த படம் புகழ் பெற்றது. சிலையின் முகம் நமக்குத் தெரிவதில்லை. வாளை உயர்த்திய உருவம் கருநிழலாக நிற்கிறது. பனிக்கு அப்பால் விடுதி ஒன்றின் பெயர்ப்பலகை ஒளிர்கிறது. அவ்வளவே படம். நாம் காண்பது ஒளிபட்ட சிலையன்று, இருளில் நிற்கும் சிலை. புகைப்படம் என்றும் நிழற்படம் என்றும் நாம் வழங்கும் இரு பெயர்களுள் பின்னதே இப்படத்துக்கு முற்றும் பொருந்தும்.

முக்காலி காத்திருக்கும், கை அவ்வாறு காத்திராது. ஐம்பது மில்லிமீட்டர் லென்ஸ் பொருத்திய கருவியைக் கையில் பிடித்து எடுக்கும்போது, ஷட்டர் 1/30 நொடிக்கு மேல் திறந்திருந்தால் கையின் அசைவு படத்தில் பதியத் தொடங்கும். சுவரில் சாய்ந்து மூச்சை அடக்கி நின்றால் இன்னும் சிறிது நேரம் தாங்கலாம். முக்காலியில் ஒரு நிமிடம் திறந்திருக்கும் கருவி பெறும் ஒளியோடு ஒப்பிட்டால், இது 1,800 இல் ஒரு பங்கே ஆகும். 1925 இல் விற்பனைக்கு வந்த லைக்கா போன்ற சிறு கருவிகளும், 1930களில் தோன்றிய அகன்ற லென்ஸ்களும், 1954 இல் கோடாக் நிறுவனம் 35 மில்லிமீட்டர் சுருளாக வெளியிட்ட விரைவு மிக்க ‘டிரை-எக்ஸ்’ பிலிமும் இக்குறையைப் படிப்படியாகக் குறைத்தன. எனினும் குறை முற்றும் நீங்கவில்லை.

அக்குறையே கையால் எடுப்போனுக்கு ஆசிரியனாகவும் அமைந்தது. வெளிச்சம் வரும் வரை நின்று காக்க இயலாத அவன், வெளிச்சம் உள்ள இடத்தைத் தேடி நடக்க வேண்டும். கடை வாயிலிலும் விளக்குக் கம்பத்தின் அடியிலும் நிற்போரை அணுக வேண்டும். எஞ்சியதை இருளுக்கு விட்டுவிட வேண்டும். யாப்பின் கட்டு புலவனைச் சொல் தேட வைப்பது போன்றது இது.

இரண்டாவது நூல் இதற்குச் சான்று. ஆம்ஸ்டர்டாமில் 1925 இல் பிறந்த எட் வான் டெர் எல்ஸ்கென் 1950 இல் பாரிசுக்குச் சென்றார். சேன் நதியின் இடக்கரையில், சிற்றுணவுக் கடைகளில் இரவைக் கழித்த வறிய இளைஞர்களோடு தாமும் ஒருவராகப் பழகினார். கிடைத்த வெளிச்சத்தைக் கொண்டே அவர் எடுத்த படங்கள் 1956 இல் ‘இடக்கரைக் காதல்’ என்னும் நூலாயின. ஆஸ்திரேலிய நடனப் பெண் வாலி மையர்ஸ் கறை படிந்த கண்ணாடியில் தம் முகத்தை அணுகி நோக்கும் படம் அதில் பலரும் அறிந்தது. இந்நூலின் படங்கள் பிராசாயின் படங்களைப் போல் தெளிவானவை அல்ல. புள்ளிகள் தெரிகின்றன, சில உருவங்கள் கலங்கியுள்ளன. ஆயினும் எடுத்தவர் அதே மேசையில் உட்கார்ந்திருந்தார் என்பதை அவை ஐயமற உணர்த்துகின்றன. அந்த நெருக்கத்தை முக்காலி தந்திராது.

இருவரிடத்தும் குறை காணலாம். உட்புறக் காட்சிகளுக்குப் பிராசாய் மக்னீசியப் பொடியைக் கொளுத்தினார். மக்களை அசையாது இருக்கச் செய்தார். வான் டெர் எல்ஸ்கெனோ உண்மையான மனிதர்களின் முகங்களை மெக்சிகோ இளைஞன் ஒருவனின் காதல் பற்றிய கற்பனைக் கதைக்குள் அடக்கினார். அம்முகங்களுக்கு உரியவர்களின் வாழ்வு கதைக்காக மாற்றி உரைக்கப்பட்டது. இதை அந்நூலின் பெருங்குறை என்றே நான் கருதுகிறேன். ஆனால் ஒன்றில் இருவரும் ஒத்து நிற்கின்றனர். இருளைப் பற்றி அவர்கள் பொய் கூறவில்லை.

இக்காலக் கைப்பேசியின் நிலை வேறு. கூகுள் நிறுவனம் 2018 இலும் ஆப்பிள் நிறுவனம் 2019 இலும் இரவுப் படத்துக்கெனத் தனி முறைகளைத் தம் கைப்பேசிகளில் வெளியிட்டன. பொத்தானை ஒரு முறை தொட்டால் கருவி பல படங்களை அடுத்தடுத்து எடுக்கிறது. கை அசைந்ததற்கு ஏற்ப அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்திச் சராசரி காண்கிறது. ஒன்பது படங்களைச் சேர்த்தால் புள்ளிக் கலக்கம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறையும். அறிவியல் முறையில் இது பாராட்டத்தக்க வெற்றி. ஆனால் அதன் விளைவாக நள்ளிரவுத் தெருவும் பட்டப்பகல் போல் காட்சி தரக்கூடும். இதனை ஆக்கியோரே இவ்விடரை உணர்ந்தனர். இருட்காட்சி தீட்டிய பழைய ஓவியர்களின் முறையை நோக்கி, நிழல்களைக் கருமையாகவே விடுமாறு தம் கருவியைத் திருத்தியதாகக் கூகுள் பொறியாளர்கள் எழுதியுள்ளனர். 1766 இல் ஜோசப் ரைட் தீட்டிய, விளக்கொளியில் கோள்களின் இயக்கத்தை விளக்கும் அறிஞரின் ஓவியத்தை அதற்குச் சான்றாகக் காட்டினர். ஓவியனிடம் பாடம் கேட்க வேண்டும் என்று பொறியாளர்க்கே தோன்றியிருக்கிறது!

நம் அணியிலக்கணம் இங்குத் துணை செய்யும். உள்ளதை உள்ளவாறு கூறுவது தன்மை நவிற்சி. மிகைப்படுத்திக் கூறுவது உயர்வு நவிற்சி. உயர்வு நவிற்சியும் அணியே, அது குற்றமன்று. ஆனால் பாட்டு முழுதும் அதுவேயாயின் சுவை கெடும். எல்லா மூலையிலும் ஒளி பாய்ந்த இரவுப் படத்தின் குறை இதுவே. கண்ணுக்குத் தெரியாதிருந்ததையும் அது காட்டிவிடுகிறது. காண்போர் நகரத்தைக் காண்கின்றனர், இரவைக் காண்பதில்லை. அந்நகரில் வழி அறியாது நடந்த அயலான் ஒருவனின் அச்சமும் வியப்பும் அதில் இடம் பெறுவதில்லை.

ஆகவே கையால் எடுத்த இரவுப் படத்தை அதன் தெளிவு கொண்டு மதிப்பிடுதல் பொருந்தாது. சிறு கலக்கம் இருப்பின் அதனால் மட்டும் படத்தைத் தள்ளவும் வேண்டா. ஒளி எங்கே நிற்கிறது, இருள் எங்கே தொடங்குகிறது, அந்த எல்லையை எடுத்தவன் அறிந்து வகுத்தானா என்று நோக்குதல் வேண்டும். படத்தில் மனிதர் இருப்பின், அவரை எடுத்தவன் எவ்வளவு அருகில், எத்தகைய உறவோடு நின்றான் என்பதையும் நோக்குதல் வேண்டும். ஓசையின்றி இயங்கும் கைக்கருவி நடைபாதையில் உறங்குபவனையும் அவன் அறியாமலே எடுத்துவிடும். எளிதாகிவிட்டமையாலேயே அச்செயல் முறையாகிவிடாது.

அடுத்த முறை மாணவன் தன் படங்களைக் கொண்டு வந்து காட்டும்போது, ‘இதில் எதை இருளில் விட்டாய், ஏன் விட்டாய்?’ என்று கேளுங்கள். விடை சொல்ல அவன் சிறிது தயங்கினாலும் நன்று. அடுத்த இரவில் பொத்தானைத் தொடுமுன் அவன் ஒரு கணம் நின்று பார்ப்பான். ஆசிரியர் செய்யக்கூடியது அதுவே.