கையில் கனக்கும் காயில்

ரிச்சி தெருவில் காயில் கேட்டால் "எத்தனை மைக்ரோஹென்றி சார்?" என்பார்கள். நான் "எத்தனை ஆம்பியர் தாங்கும்ணே?" என்று திருப்பிக் கேட்பேன். 5 வோல்ட்டை 12 வோல்ட்டாக ஏற்றும் பூஸ்ட் கன்வெர்ட்டருக்கு உயிரே அந்தக் கேள்விதான்.

12 வோல்ட்டில் 1 ஆம்பியர் வேண்டுமென்றால் 12 வாட். அத்தனையும் 5 வோல்ட் பக்கமிருந்து வர வேண்டும். இழப்பையும் சேர்த்தால் காயிலில் ஓடுவது சுமார் 2.7 ஆம்பியர், ஒவ்வொரு துடிப்பின் உச்சியிலும் 3-ஐத் தாண்டும். 2 ஆம்பியர் காயிலை மாட்டினால் ஃபெரைட் கோர் காந்தம் நிரம்பித் திணறும். அதன்பின் அது காயில் இல்லை, வெறும் கம்பி. மின்னோட்டம் சரேலென எகிறி மாஸ்ஃபெட்டைப் பொசுக்கிவிடும். நானும் ஒன்றைப் பொசுக்கியிருக்கிறேன். அந்த வாடை இரண்டு நாள் அறையில் இருந்தது. இப்போது 5 ஆம்பியருக்குக் குறைந்து வாங்குவதில்லை. தடித்த செம்புக் கம்பி நெருக்கமாகச் சுற்றி, உள்ளங்கையில் கனமாக உட்காரும் காயில். அழகான பொருள் அது.

டயோடில் யோசனையே வேண்டாம்: 1என்5822 ஷாட்கி. 1என்4007 வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸுக்கானது. நொடிக்கு லட்சம் தடவை திறந்து மூட அதற்கு வேகம் போதாது.

கெபாசிட்டரில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 16 வோல்ட் என்று போட்ட குட்டி செராமிக், 12 வோல்ட் ஏறியதும் தன் மதிப்பில் பாதிக்கு மேல்கூட இழந்துவிடும். 25 வோல்ட்டில், அளவில் பெரியதாக எடுத்து, பக்கத்தில் நல்ல எலக்ட்ரோலிட்டிக் ஒன்றையும் நிறுத்துவேன்.

முழுச்சுமையில் அரை மணி ஓடியபின் சப்ளையை அணைத்துவிட்டுக் காயிலைத் தொட்டுப் பார்ப்பேன். டீ டம்ளர் சூட்டில் இருந்தால் பெட்டியை மூடிவிடலாம்.