பேக்கா, பேக்கா?

ஒரே மாதிரி ஒலிக்கும் ஆங்கிலச் சொற்களைப் பட்டியல் போட்டு விளக்கும் புத்தகங்களைப் பள்ளி நாளிலிருந்தே பார்த்து வருகிறேன். என் குறை ஒன்றுதான்: அந்தப் பட்டியல்கள் நம்ம காதுக்குப் போட்டவை இல்லை.

நீதிமன்றத்தைக் குறிக்கும் 'கோர்ட்', பிடித்ததைக் குறிக்கும் 'காட்' இரண்டும் லண்டன்காரர் வாயில் ஒன்றுதான். உயிருக்குப் பின் வரும் ரகரத்தை அவர் விழுங்கிவிடுவார். நாம் கோர்ட்டை 'ர்' போட்டு அழுத்தித்தான் சொல்கிறோம். எங்க புதியம்புத்தூரில் யாரும் இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டதில்லை. அப்புறம் எதற்கு அதை உருப்போடணும்?

நம்ம சிக்கல் வேறு இடத்தில். எங்க ஊர் ரெடிமேட் தொழில் ஊர். ஒரு தீபாவளி சீசனில் மாமாவுக்கு வாட்ஸ்அப்பில் தமிழில் ஆர்டர் வந்தது: 'பேக்ல லேபிள் வைங்க.' மாமா பிளாஸ்டிக் பையில் ஒட்டி அனுப்பிவிட்டார். அவர்கள் கேட்டதோ சட்டையின் பின்கழுத்தில். மொத்த சரக்கும் திரும்பி வந்தது. அத்தையும் நாலு பேரும் ராத்திரி முழுக்க உட்கார்ந்து பிரித்துத் தைத்தார்கள். வாயால் சொல்லியிருந்தால் 'பேகு', 'பேக்கு' என்று கொஞ்சமாவது பிரிந்திருக்கும். எழுத்தில் அதுவும் போச்சு.

காரணம் பழையது. இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல் 1856-இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்திலேயே இதைப் பேசுகிறார். தமிழில் வல்லினம் சொல்லின் தொடக்கத்திலும் இரட்டிக்கும்போதும் வன்மையாக ஒலிக்கும். உயிர்களுக்கு நடுவிலும் மெல்லினத்துக்குப் பின்னும் மென்மையாகும். இடமே ஒலியைச் சொல்லிவிடுவதால் தனி எழுத்து தேவைப்படவில்லை. ஆங்கிலத்தில் ஒரே இடத்தில் இரண்டு ஒலியும் வந்து பொருளையே மாற்றுகின்றன.

என் தொழிலில் 'சவுண்டெக்ஸ்' என்று ஒன்று உண்டு. ஒலி ஒத்த பெயர்களைத் தேட அமெரிக்காவில் ராபர்ட் ரசல் 1918-இல் காப்புரிமை பெற்ற முறையிலிருந்து வந்தது. அதில் போட்டுப் பார்த்தேன். கோர்ட்டும் காட்டும் தனித்தனிக் குறியீடு. பைக்கும் முதுகுக்கும் ஒரே குறியீடு, பி200. கட்டி வைக்கும் 'பேக்' மட்டும் முதல் எழுத்தால் பிரிகிறது. ஆனால் தமிழில் எழுதினால் அதுவும் பி200தான்!

லண்டன் புத்தகத்தைவிட இந்த நூறு வருஷப் பழைய சூத்திரம் நமக்குக் கிட்டத்தில் இருக்கிறது. பட்டியல் போடுகிறவர்கள் 'கோட்', 'டை' இவற்றிலிருந்து தொடங்கலாம். டை ஒன்றே சாயம், சாவு, கழுத்தில் கட்டுவது என்று மூன்று.

மாமா இப்போ பையை 'கவர்' என்கிறார். பின்பக்கத்துக்கு 'முதுகு'. பேக் என்று மெசேஜ் வந்தால் போன் போட்டுக் கேட்காமல் மிஷினில் உட்காருவதில்லை.