மரபுருவும் இடமும்: மரபு நடை இலச்சினைகளின் குறியீட்டு மொழி – கள்ளக்குறிச்சி வட்டாரத்தை முன்வைத்து ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

மரபு நடை, மரபுச் சுற்றுலா ஆகியவற்றின் இலச்சினைகளில் கோபுரம், தாமரை, யாளி போன்ற மரபுருக்கள் இன்று மிகுதியாக இடம்பெறுகின்றன. ஓர் உருவின் பொருள் அது அமரும் இடத்தாலும் அதன் அண்டை உருக்களாலும் அமைகிறது என்பதைக் கள்ளக்குறிச்சி மரச்சிற்பம், தமிழ்நாடு அரசின் இலச்சினை, சங்ககால மலையமான் காசு ஆகியவற்றின் வழி இக்கட்டுரை ஆராய்கிறது.

குறிச்சொற்கள்: இலச்சினை, மரபுரு, கள்ளக்குறிச்சி மரச்சிற்பம், சின்னசேலம், மலையமான் காசு.

விழுப்புரம் மாவட்டத்திலிருந்து பிரிந்து கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகச் செயல்படத் தொடங்கியது 2019 நவம்பர் 26இல். மாவட்டம் புதிது, ஆனால் அதன் எல்லைக்குள் அடங்கிய நிலம் பழையது. சின்னசேலத்து மரச்சிற்பக் கூடங்களில் தொடங்கி, தியாகதுருகம் மலைக்கோட்டை, ரிஷிவந்தியம் கோயில் வழியாகத் திருக்கோவலூர் வரை ஒரு மரபு நடையை எண்ணிப் பார்க்கலாம். அந்நடைக்கு ஓர் இலச்சினை வேண்டுமெனில் எந்த உரு அதில் அமரும்? கோபுரமும் தாமரையும் என்பதே பெரும்பாலும் கிடைக்கக்கூடிய விடை. அவ்விடை ஏன் போதாது என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

மரச்சிற்பத்தில் உருவின் இலக்கணம்

கள்ளக்குறிச்சி மரச்சிற்பம் 2021இல் புவிசார் குறியீடு பெற்றது. கள்ளக்குறிச்சி, சின்னசேலம், திருக்கோவலூர் ஆகிய வட்டங்களில் இக்கலை வாழ்கிறது. தச்சர் கையாளும் உருக்கள் யாளி, மகரம், கீர்த்திமுகம், அன்னம், தாமரை, கொடிக்கருக்கு முதலியன. இவற்றுள் எதுவும் தன்னிச்சையாக வைக்கப்படுவதில்லை. திருவாசியை எடுத்துக்கொண்டால், இருபுறமும் மகரத்தின் வாயிலிருந்து எழும் வளைவு உச்சியில் கீர்த்திமுகத்தைச் சென்றடைகிறது. மகரம் மேலேறினாலோ கீர்த்திமுகம் கீழிறங்கினாலோ அது திருவாசியாகாது. தாமரை பீடமாகத் தாங்குகிறது. யாளி தேரின் பாரத்தை ஏற்பதுபோல் பாய்ந்து நிற்கிறது. கொடிக்கருக்கு இரு உருக்களுக்கு இடைப்பட்ட வெறுமையை நிரப்புகிறது. சொல்லுக்குத் தொடர் எப்படியோ, உருவுக்கு அமைவிடம் அப்படி. தொடரிலிருந்து பெயர்த்தெடுத்த சொல்லுக்கு அகராதிப் பொருள் எஞ்சுவதுபோல, வட்டத்துக்குள் தனித்து வரையப்பட்ட யாளிக்கு ‘பழைமை’ என்ற பொதுப்பொருள் மட்டுமே எஞ்சுகிறது.

இங்கு ஒரு முரணையும் கருத வேண்டும். புவிசார் குறியீடு ஒரு பொருளை அதன் நிலத்தோடு பிணைக்கிறது. ஆனால் மேற்குறித்த உருக்கள் எவையும் இவ்வட்டாரத்துக்கு மட்டும் உரியனவல்ல. மதுரையிலும் செட்டிநாட்டிலும் அவையே செதுக்கப்படுகின்றன. சின்னசேலத்துக்குரியது தச்சரின் கையும் அவர் தேர்ந்த மரமும்தான். அம்மரங்களுள் வாகையும் ஒன்று. புறத்திணையில் வெற்றிக்கு அடையாளமான வாகை இங்கு உளி ஏற்கும் பலகை. செதுக்கப்பட்ட உருவை வியக்கும் கண் அதைத் தாங்கும் மரத்தைக் காண்பதில்லை. இலச்சினை வரைவோரும் பெரும்பாலும் அக்கண்ணையே பின்பற்றுகின்றனர்.

பெயரிழந்த கோபுரம்

தமிழ்நாடு அரசின் இலச்சினை 1940களின் இறுதியில், சென்னை மாகாணக் காலத்தில் உருவானது. அதை வரைந்தவர் ஓவியர் ஆர். கிருஷ்ணராவ். அசோகத் தூணின் சிங்க முகப்பு, இருபுறமும் தேசியக் கொடி, பின்னணியில் ஓங்கிய கோபுரம், சுற்றிலும் எழுத்து என்பது அதன் அமைப்பு. அக்கோபுரம் எவ்வூருக்குரியது என்பதில் இரு கருத்துகள் நிலவுகின்றன. ஸ்ரீவில்லிபுத்தூரின் பதினொரு நிலைக் கோபுரம் என்பது பரவலான நம்பிக்கை. மதுரை மீனாட்சியம்மன் கோயிலின் மேற்குக் கோபுரமே அதற்கு மாதிரி என்பது மற்றொரு தரப்பு.

இவ்விவாதத்தில் எத்தரப்பு சரி என்பதைவிட, அது ஏன் ஓயாமல் தொடர்கிறது என்பதே திறனாய்வுக்குரிய வினா. இலச்சினையாகும்போது கோபுரம் தன் ஊரையும் தெருவையும் இழந்து, ஒரு மாநிலம் முழுவதையும் குறிக்கும் பொது உருவாகிறது. அவ்விழப்பை மக்கள் ஏற்பதில்லை. அதற்கு மீண்டும் ஊர்ப்பெயர் சூட்ட முனைகின்றனர். மாநில இலச்சினைக்கு இப்பொதுமை குறையன்று. பல ஊர்களுக்கும் ஒரே முகம் தேவைப்படும் இடத்தில் பெயரிழந்த கோபுரமே பொருத்தமானது என வாதிடலாம், அவ்வாதம் வலுவானதே. ஆனால் மரபு நடையின் பணி நேர்மாறானது. அது நடப்பவரை இன்ன ஊரின் இன்ன வாயிலுக்கு அழைத்துச் செல்ல வேண்டும். மாநிலத்துக்கு ஏற்ற உருவை அப்படியே நடைக்கும் எடுத்துக்கொண்டால், தியாகதுருகத்தின் வழிகாட்டிப் பலகைக்கும் தஞ்சாவூரின் பலகைக்கும் வேறுபாடு இராது.

காசில் ஒரு நிலப்படம்

இதற்கு மாற்று வெளியே தேட வேண்டியதன்று. கடையெழு வள்ளல்களுள் ஒருவனான மலையமான் திருமுடிக்காரி ஆண்ட திருக்கோவலூர் இன்று இம்மாவட்டத்திலேயே உள்ளது. மலையமான்களுக்குரியனவாக அறியப்பட்ட சங்ககாலச் செப்புக்காசுகளை நாணயவியல் அறிஞர் இரா. கிருஷ்ணமூர்த்தி ஆராய்ந்து வெளியிட்டுள்ளார். அவற்றின் முன்புறம் குதிரை நிற்கிறது. பின்புறம் வளைந்தோடும் ஆறும், அதனுள் மீன்களும், மலைக்குறியும் காணப்படுகின்றன.

இவ்வுருக்களைத் தனித்தனியே நோக்கினால் எதுவும் புதுமையன்று. மலைக்குறி முத்திரைக் காசுகளிலேயே பரவலாக உண்டு. மீன் பாண்டியர் காசுகளில் புகழ்பெற்றது. அவற்றைச் சேர்த்த முறையில்தான் தனித்தன்மை பிறக்கிறது. மீன் இங்குக் குலச்சின்னமாகத் தனித்து நிற்கவில்லை, ஆற்றுக்குள் நீந்துகிறது. ஆகவே அது பாண்டியரைக் குறிக்காமல் நீரைக் குறிக்கிறது. ஆறும் மலையும் அருகருகே அமைவதால் பெண்ணையாறும் முள்ளூர் மலையும் நினைவுக்கு வருகின்றன. குதிரையோ காரியின் பெயரையே தாங்கிய குதிரையையும், குதிரைகளைப் பரிசிலாக வழங்கிய அவன் கொடையையும் ஒருங்கே சுட்ட வல்லது. விரல் நுனியளவுச் செம்பில் ஆள்பவனும் ஆளப்படும் நிலமும் அடங்கிவிடுகின்றன. இதை இலச்சினை என்பதைவிட நிலப்படம் எனல் பொருந்தும்.

பிற்காலச் சோழர் முத்திரையிலும் அமைவிடமே பேசுகிறது. இராசேந்திரனின் திருவாலங்காட்டுச் செப்பேட்டு முத்திரையில் புலியோடு மீனும் வில்லும் சேர்ந்து வருகின்றன. மூன்றும் ஒரே முத்திரைக்குள், சோழக் குடையின்கீழ் வந்தமையே அங்கு அரசியல் கூற்று. மலையமான் காசு வெற்றியைப் பேசவில்லை, இடத்தைப் பேசுகிறது. மரபு நடைக்கு அணுக்கமானது இரண்டாவதே.

அரசனின் காசை இன்றைய பொது நடைக்கு மாதிரியாக்குவது தகுமா என்று வினவலாம். குதிரையை அப்படியே எடுத்தாள்வது நிச்சயம் தகாது. அது மீண்டும் பழம்பெருமையின் பொம்மையாகிவிடும். எடுத்துக்கொள்ள வேண்டியது உருவையன்று, உருக்களைத் தொடுக்கும் முறையை. மலைக்கோடு, ஆற்றின் வளைவு, அவற்றுக்கிடையே தச்சனின் உளி என்ற தொடுப்பு சின்னசேலத்துக்கும் திருக்கோவலூருக்கும் இடைப்பட்ட நிலத்தை வேறெந்த நிலத்தோடும் குழப்பாது. கோபுர இலச்சினைக்கு மற்றொரு குறையும் உண்டு. கல்வராயன் மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினருக்கு அதில் இடமே இல்லை. மாவட்டத்தின் வரலாறு சமவெளிக் கோயில்களின் வரலாறாகச் சுருங்கிவிடுகிறது. காசிலோ மலை பின்னணியாக ஒதுங்கவில்லை; ஆற்றின் பக்கத்தில் அதற்கு இணையாக நிற்கிறது.