குளமும் குதமும்: கூட்டுப் படவரைவிற் கலைச்சொற் சிக்கல்

திருகோணமலை மாவட்டத்திலே கந்தளாயிலுள்ள நீர்நிலையையும், இரண்டாம் உலகப் போருக்கு முன்னர் பிரித்தானியர் சீனக்குடாவில் அமைத்த எண்ணெய்க் கொள்கலங்களையும் ஆங்கிலம் 'டாங்க்' என்னும் ஒரே சொல்லாற் சுட்டும். தமிழோ முன்னதைக் குளமென்றும் பின்னவற்றைக் குதங்களென்றும் ஐயமின்றிப் பிரித்துரைக்கும்.

2004இல் இங்கிலாந்தில் தொடங்கப்பெற்று, உலகெங்குமுள்ள தொண்டர்களால் வரையப்பட்டுவரும் ஓப்பன் ஸ்ரீற் மப் என்னும் கூட்டுப் படத்திலே இவ்வேறுபாடு வெறும் சொல்லழகு சார்ந்ததன்று. அங்கு ஒரு பொருள் இன்னதென்பதை அதற்கு இடப்படும் குறிச்சொல்லே உணர்த்தும். அக்குறிச்சொற்கள் ஆங்கிலத்திலமைந்தவை, அவற்றை இடுவோர் எவரிடமும் முன்னனுமதி பெறவேண்டியதில்லை. இச்சுதந்திரம் வரவேற்கத்தக்கதே. ஆயின் அகராதியை மட்டும் துணைக்கொள்வோர் இடறும் இடமும் இதுவே. 'பொண்ட்' என்பதற்குக் குளம் என அகராதி கூறும். அதனை நம்பிக் கந்தளாய்க் குளத்துக்கு அக்குறிச்சொல்லை ஒருவர் இடுவாராயின், மாபெரும் நீர்த்தேக்கமொன்று படத்திலே தோட்டத்துக் குட்டையாகிவிடும். 1986 ஏப்ரல் 20ஆந் திகதி அக்குளத்தின் அணை உடைப்பெடுத்தபோது நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அணைக்குக் கீழே வாழ்வோருக்குள்ள ஆபத்தைக் கணிக்கவென நீர்த்தேக்கங்களைத் தேடும் ஒருவருக்கு அக்குளம் அகப்படாது போதல் சிறு தவறாகாது.

எனினும், குறை முழுவதையும் ஆங்கிலத்தின் தலையிற் சுமத்துவது மொழிப்பற்றாகலாம், ஆய்வாகாது. துறைமுகம் என நாம் வழங்கும் சொல், மலைகளும் முனைகளும் அரணாயமைந்த இயற்கை நீர்ப்பரப்பையும், சரக்கேற்றி இறக்கும் மேடைகளும் களஞ்சியங்களும் கொண்ட நிலையத்தையும் ஒருங்கே குறிக்கும். ஆங்கிலத்தில் இவற்றுக்கு இரு சொற்கள் உள. திருகோணமலையிலோ இயற்கைத் துறைமுகம் வேறு, கப்பற்றொழில் நடைபெறும் நிலையம் வேறு எனக் காட்டாத படம் பயனற்றது. கிழக்கு மக்கள் களப்பு என்பதைப் பாடநூல் கடனீரேரி என்னும். என் மனம் களப்பின் பக்கமே சாயும்.

குறிச்சொல் பெயரன்று, வரைவிலக்கணம் என்பதே இங்கு மறக்கப்படுகின்றது. ஆதலால் தமிழ் விளக்கக் குறிப்புகள் சொல்லுக்குச் சொல் நிறுத்துவதை விடுத்து, அணையுண்டா, மதகுண்டா, நீர் வயலுக்குப் பாய்கின்றதா என வினவுவனவாக எழுதப்படல் வேண்டும். அதற்குத் தகுந்தோர் மொழிபெயர்ப்பாளர் மட்டுமல்லர். கந்தளாயில் வயல் செய்வோரும் கொட்டியாரக் குடாவில் வலை வீசுவோருமாவர். ஊரார் வழங்கும் பெயர்களோ, அவற்றுக்கெனப் படத்திலுள்ள தனிப் பகுதியிலே தமிழிலும் சிங்களத்திலும் அருகருகே நிற்கலாம்.